கடன் கொடுக்க முகாம் நடத்துகிறீர்கள், அடைப்பவர்களுக்கும் ஒன்று நடத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்விக் கடன் முகாம் நடந்த செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல காரியம். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதே அந்தக் கடனால்தான். ஆனால் வாங்கிய கடனை அடைக்க முடியாமல் திணறுகிறவர்களுக்காக ஒரு முகாம் நடந்து நான் பார்த்ததில்லை.

பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறவன் நான். 2018-இல் மகளைப் பொறியியல் சேர்த்தேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் கடன். அந்தத் தொகை வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பதால் பத்திரம் எதுவும் வைக்கவில்லை. கூட்டாக நானும் கையெழுத்துப் போட்டேன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்றார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது 2023-இல்தான் எனக்கு உறைத்தது. 10 சதவீத வட்டியில் 1.40 லட்சம் ஏறி, கடன் 5.40 லட்சமாக நின்றது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை இல்லாத இந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் சான்றும் கல்லூரிக்கு இல்லை, பொறியியல் போன்ற பாடப்பிரிவுகளின் தரத்தைப் பார்க்கும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரமும் பாடப்பிரிவுக்கு இல்லை, அதனால் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். சேர்க்கும்போது இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பத்து ஆண்டில் அடைக்கும் கணக்கில் தவணை மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் வருகிறது. மகளுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை, கைக்கு வந்தது 15,000. வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாம் போக அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. ஊருக்கு வருவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். அப்புறம் ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதம் வேலை இல்லை. தவணை 90 நாள் தாண்டியதும் வாராக் கடன் ஆகிவிட்டது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண், அவளுடையதோடு என்னுடையதும் விழுந்தது. அடுத்த போகத்துக்குப் பயிர்க் கடன் கேட்கப் போனவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது அதற்குப் பிறகு தெரிந்த விஷயம்தான். இந்திய வங்கிகள் சங்கம் 2015-இல் திருத்திய மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை மகள் படித்துச் சொன்னாள். வேலை இல்லாத காலத்தில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று தடவை தவணையை நிறுத்திவைக்கலாமாம். முதலில் சிறிய தவணையில் தொடங்கி, சம்பளம் ஏற ஏறக் கூட்டிக்கொண்டும் போகலாமாம். வங்கி விரும்பினால் தரலாம் என்ற அளவில்தான் இருக்கிறது, சரி. ஆனால் அப்படி ஒன்று இருப்பதையே சொல்லாவிட்டால் எப்படிக் கேட்பது? அந்த ஆறு மாதம் கிடைத்திருந்தால் எங்கள் கணக்கு வாராக் கடன் ஆகியிருக்காது.

கடன் அடைக்கும் காலத்தை 15 ஆண்டாக நீட்டித் தரட்டுமா என்று மட்டும் வங்கியில் கேட்டார்கள். தவணை 5,800 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 1.9 லட்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஏழைக்கு அது உதவி ஆகாது. தொடக்கத்தில் 3,000, பிறகு 5,000 என்று சம்பளத்தை ஒட்டித் தவணை வைத்தால் பிள்ளைகள் மூச்சுவிடுவார்கள், வங்கிக்கும் பணம் திரும்பும்.

மாவட்ட ஆட்சியரும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரும் எல்லா வங்கிகளையும் உட்கார வைத்து, கடன் கட்டுகிறவர்களுக்கும் ஒரு முகாம் நடத்த வேண்டும். தவணையை நிறுத்திவைக்கும் மனுவை அங்கேயே வாங்க வேண்டும். கிருஷ்ணகிரியிலும் இதே நிலைதான் என்று மகளோடு வேலை செய்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நின்ற தவணைகளைத் தக்காளிப் பணத்தில் கட்டிவிட்டோம். மகளுக்கும் வேறு வேலை கிடைத்திருக்கிறது. இருந்தாலும் முகாம் தேதி உங்கள் நாளிதழில் வந்தால், எங்கள் ஊரில் இதே கடனோடு இருக்கும் மற்ற பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஒரு தக்காளி விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.