கார்டில் கட்டினால் 'இன்' வருமா?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. புது வேலை பிடித்துப்போய்விட்டது என்று படித்ததும் நிம்மதி. வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் வேலை உனக்குச் சரியாகத்தான் வரும். வகுப்பில் பாதிப் பேருக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவள் ஆயிற்றே நீ. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்க போன். அவளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், விடு.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 'பேய்டு பை கார்டு', 'வித் கார்டு', 'இன் கார்டு' என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள், எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். 'இன் கார்டு' எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். நாம் 'கார்டில் கட்டினேன்' என்கிறோம், அந்த 'இல்' அப்படியே 'இன்' ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ரொக்கத்துக்கு ஆங்கிலத்திலும் 'இன் கேஷ்'தான். டாலராகக் கொடுத்தால் 'இன் டாலர்ஸ்', தவணையாகக் கொடுத்தால் 'இன் இன்ஸ்டால்மென்ட்ஸ்', மொத்தமாகக் கொடுத்தால் 'இன் ஃபுல்'. பணம் எந்த உருவில் கைமாறுகிறது என்று சொல்ல 'இன்'. கார்டு பணத்தின் உருவம் இல்லையே. நீட்டிய கார்டு திரும்ப உன் பைக்கே வந்துவிடுகிறது. அது வெறும் வழி. அதனால் 'பை கார்டு'.

இந்த 'பை'க்குப் பின்னால் சொல் மொட்டையாகத்தான் நிற்கும். 'பை எ கார்டு', 'பை மை கார்டு' என்று எழுதினால் உறுத்தும். எந்தக் கார்டு, யாருடைய கார்டு என்று சொல்ல வேண்டி வந்தால் 'வித்' போடு: 'பேய்டு வித் மை கார்டு', 'பேய்டு வித் எ டிஃபரன்ட் கார்டு'.

இலக்கண வகுப்பில் மூன்றாம் வேற்றுமையை உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆல், ஆன், ஒடு, ஓடு. பொருள் கருவி, கருத்தா (செய்பவர்), உடனிகழ்ச்சி (கூடச் சேர்ந்து வருவது). இந்த மூன்றையும் ஆங்கிலம் இரண்டு சொற்களுக்குப் பங்கு பிரித்திருக்கிறது. கருத்தா 'பை'க்குப் போயிற்று, உடனிகழ்ச்சி 'வித்'துக்குப் போயிற்று. கருவி மட்டும் இரண்டிலும் பாதிப் பாதி. நமக்குத் தடுமாற்றம் வருவது சரியாக அந்த இடத்தில்தான். பொதுவாக வழியைச் சொன்னால் 'பை', கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பொருளைச் சொன்னால் 'வித்' என்று வைத்துக்கொள்.

சரி, இதிலெல்லாம் தவறினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை, அர்த்தம் புரிந்துவிடும். உன் வேலையில் நான் கவனமாக இருக்கச் சொல்வது 'டு', 'ஃப்ரம்', 'ஆன்' மூன்றிலும்தான். அங்கே ஒரு சொல் மாறினால் பணம் போகும் திசையே மாறிவிடும். பணம் கணக்கிலிருந்து போனால் 'டெபிட்டட் ஃப்ரம் மை அக்கவுண்ட்', கணக்குக்கு வந்தால் 'கிரெடிட்டட் டு'. திருப்பித் தரும் தொகை 'ரீஃபண்டட் டு யுவர் கார்டு'. 'கிரெடிட்டட் ஃப்ரம் மை கார்டு' என்று ஒருவர் எழுதினால் பணம் வந்தது என்கிறாரா போனது என்கிறாரா என்று ஊகிக்காதே, திருப்பிக் கேட்டுவிடு. ஆனால் கணக்காளர்கள் 'டெபிட்டட் டு' என்றும் எழுதுவார்கள். கணக்கில் பற்று எழுதுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதில் கை வைக்காதே.

அப்புறம் 'ஆன்'. 'புட் இட் ஆன் மை கார்டு' என்றால், நாம் 'என் கணக்கில் ஏற்றிவிடு' என்கிறோமே, அதுதான். கார்டின் மேல் சுமை ஏறுகிறது. அதையே 'சார்ஜ் இட் டு மை கார்டு' என்றும் சொல்லலாம். ஏறியதைக் குறிப்பிடும்போது 'எ சார்ஜ் ஆன் மை கார்டு'. எதற்காக ஏறியது என்பதற்கு 'ஃபார்': 'ஐ வாஸ் சார்ஜ்டு ட்வைஸ் ஃபார் ஒன் ஆர்டர்'. உனக்கு வரும் புகார்களில் இந்த வரி நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டு முறை படி. 'பேலன்ஸ் ஆன் தி கார்டு' என்பது கிரெடிட் கார்டு என்றால் கட்ட வேண்டிய பாக்கி. முன்கூட்டியே பணம் ஏற்றிய கார்டு என்றால் கையில் மிச்சமிருக்கும் பணம். சொல் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். எந்தக் கார்டு என்று தெரியாமல் பதில் எழுதாதே. 'ஆன் கிரெடிட்' வாங்கினேன் என்றால் கடனுக்கு வாங்கினேன் என்றுதான் அர்த்தம், கார்டே இல்லாமலும் இருக்கலாம்.

'ஃபார்' பற்றியும் கேட்டிருந்தாய். வாங்கும் பொருளுக்கு 'பே ஃபார் தி டிக்கெட்'. பில்லுக்கும் கட்டணத்துக்கும் ஒன்றும் வேண்டாம், 'பே தி பில்', 'பே தி ஃபீ', அவ்வளவுதான்.

உங்கள் அலுவலக அறிவிப்பில் 'பேமென்ட் பை கேஷ் ஆர் கார்டு' என்று இருந்தால் திருத்தப் போய்விடாதே. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது ஆங்கிலேயர்களே அப்படி எழுதுகிறார்கள். புது இடத்தில் முதல் மாதமே மேலாளரின் ஆங்கிலத்தைத் திருத்துவது வேறு விதமான ஆபத்து!

குழப்பமான வரி ஏதாவது வந்தால் பெயரையும் எண்களையும் அடித்துவிட்டு அப்படியே எழுதி அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் முதலில் அதைச் சொல்.

அன்புடன்,
சாரதா