சுங்கை சிப்புட்டிலிருந்து சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. ஊர்ச் செய்தி அப்புறம், முதலில் தினேஷ் விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் விபத்தில் உடைந்த கணுக்கால் மேல் எலும்பு இத்தனை மாதமாகியும் கூடவில்லை என்று படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. "ஸ்கேன் மெஷினை வைத்தே எலும்பைச் சேர்க்கிறார்களாம், மரபணு ஊசியாம், வாட்சாப்பில் வந்தது, உண்மையா?" என்று கேட்டிருக்கிறாய். ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அது பன்றிகளுக்குச் செய்து பார்த்தது. தினேஷுக்கு இன்று போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி என்று யாராவது சொன்னால் ஒரு வெள்ளி கூடக் கொடுத்துவிடாதே.

நாம் தாதிகளாக இருந்தபோது வயிற்றுப் பிள்ளையைப் பார்த்தோமே, அந்த அல்ட்ராசவுண்ட்தான் இதற்கும் அடிப்படை. அதோடு நுண்குமிழிகள் சேர்கின்றன. 1968-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கிராமியாக், ஷா என்ற இரண்டு மருத்துவர்கள், ஊசி வழியாகத் திரவம் செலுத்தும்போது உண்டாகும் சிறு குமிழிகள் ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதைக் கவனித்தார்கள். பிறகு அதையே மருந்தாகத் தயாரித்து, 1990-களிலிருந்து இதய ஸ்கேனுக்குப் பயன்படுத்துகிறார்கள். கொழுப்பாலோ புரதத்தாலோ ஆன மெல்லிய உறை, உள்ளே ரத்தத்தில் எளிதில் கரையாத வாயு. ஒவ்வொன்றும் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான், அதனால் சிவப்பணு நுழையும் இடமெல்லாம் இதுவும் நுழையும். சில நிமிடங்களில் உடைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடும்.

சரி, மரபணு எங்கே வருகிறது? குமிழிகளோடு மரபணுவையும் கலந்து செலுத்தி, வேண்டிய இடத்தில் மட்டும் ஒலியைப் பாய்ச்சுகிறார்கள். ஒலி பட்டதும் குமிழிகள் விரிந்து சுருங்குகின்றன, அழுத்தம் கூடினால் வெடிக்கின்றன. அந்த அதிர்ச்சியில் பக்கத்துச் செல்களின் உறையில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. மரபணு உள்ளே போக வழி கிடைக்கிறது, கொஞ்ச நேரத்தில் துளையும் மூடிக்கொள்கிறது. உன் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியதை நினைத்துக்கொள். பட்டையை மெலிதாகச் சீவினால் பால் வரும், பட்டையும் திரும்ப வளரும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்கே காயம். இங்கேயும் ஒலியின் அழுத்தம் மிஞ்சினால் நுண்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசியும், செல்லும் செத்துப்போகும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

உன் வாட்சாப் செய்திக்கு மூலம், 2017-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ்-சைனாய் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியாக இருக்க வேண்டும். சிறிய இனப் பன்றிகளின் கால் எலும்பில், தானாகக் கூடாத அளவுக்கு இடைவெளி உண்டாக்கி, அதில் முதலில் கொலாஜன் என்ற புரதத்தாலான பஞ்சை வைத்தார்கள். எலும்பாக மாறக்கூடிய, உடம்பின் ஸ்டெம் செல்கள் அங்கே வந்து குடியேற இரண்டு வாரம் விட்டார்கள். அதன்பிறகு பி.எம்.பி-6 என்ற, எலும்பை வளர்க்கும் புரதத்தின் மரபணுவையும் குமிழிகளையும் அந்த இடத்தில் செலுத்தி, தோலுக்கு வெளியிலிருந்து ஒலியைப் பாய்ச்சினார்கள். அறுவை நடந்து எட்டு வாரத்தில், சிகிச்சை பெற்ற எல்லாப் பன்றிகளுக்கும் எலும்பு கூடிவிட்டது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டும் இப்போதைய முறைக்கு ஈடான பலம் அதற்கு இருந்தது. இடுப்பில் எலும்பு எடுத்தவர்கள் அந்த வலியில் துடித்ததை நீயும் வார்டில் பார்த்திருக்கிறாய். அது இல்லாமலே முடியும் என்பது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி தெரியுமா!

மரபணுவைப் பெரும்பாலும் வைரஸில் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். அது குமிழிகளைவிட அதிகச் செல்களைச் சென்றடையும், மறுக்க முடியாது. ஆனால் 1999-இல் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், அப்படி ஒரு சோதனையில் உடம்பின் எதிர்ப்பு மூர்க்கமாகி இறந்துபோனான். இன்று பயன்படும் வைரஸ்கள் அதைவிடப் பாதுகாப்பானவை. இருந்தாலும், ஒரு தடவை போட்டதும் உடம்பு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்வதால் மறுமுறை போடுவது கஷ்டம். விலையோ கேட்கவே வேண்டாம். 2022-இல் அமெரிக்காவில் வந்த ஹெம்ஜெனிக்ஸ் என்ற, ஹீமோபீலியாவுக்கான (ரத்தம் சரியாக உறையாத நோய்) மரபணு மருந்து ஒரு தடவைக்கு 35 லட்சம் டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 15 மில்லியன் மலேசிய வெள்ளி. குமிழி முறையில் வைரஸ் வேண்டாம், தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். மரபணு சில நாட்களோ வாரங்களோ வேலை செய்துவிட்டு மறைந்துவிடும், எலும்பு கூட அதுவே போதும்.

நான் இதை விடாமல் படிப்பதற்கு இன்னொரு காரணம் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். 2006-இல் டல்லாஸில் இதே முறையில் எலிகளின் கணையத்துக்கு மரபணு செலுத்தி, இன்சுலினைக் கூட்டி, ரத்தச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வர நெடுந்தூரம். ஆனால் நம் லயத்தில் விரலும் பாதமும் இழந்தவர்களை எண்ணிப் பார். ஸ்கேன் மெஷின் இப்போது சின்ன ஊர் கிளினிக்குகளில்கூட இருக்கிறது. பணக்கார நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடாமல் செம்பனைத் தோட்டத்துக்கும் எட்டக்கூடிய மரபணு சிகிச்சை ஒன்று உண்டென்றால், அது இப்படித்தான் வரும் என்று நம்புகிறேன்.

தினேஷுக்கு இப்போது செய்ய வேண்டியது வேறு. சிகரெட்டை அடியோடு விடச் சொல், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையும் வைட்டமின் டி-யும் பார்த்தார்களா, உள்ளே கிருமித் தொற்று இல்லையென்று உறுதி செய்தார்களா என்று எலும்பு டாக்டரிடம் கேள். இடுப்பெலும்பு எடுத்து ஒட்டலாம் என்று அவர் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம்.

இங்கே மழை விடவில்லை. பெரியக்கா நலம், கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் படிக்கிறார். எக்ஸ்ரேயைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
கமலா