தராசுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல்: காங்கோ மத்திய வங்கியின் ஆளுநருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வங்கியாளன் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசில், லுவாலாபா மாகாணத்தின் கொல்வேசியில், ஒரு இரும்புச் சாமான் கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதியவன். மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, சாக்கு, தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச் என்று கோபால்ட் குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு வேண்டியதை விற்கும் கடை அது. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கடையின் ஒரு நோட்டுப் புத்தகம் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல். பிரெஞ்சு வடிவத்தைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் 100க்கு 70 பங்கு தங்கள் நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அது போய்ச் சேரும் பேட்டரிகள் எங்கள் ஊர்க்காரர்களின் சட்டைப் பைகளிலும் இருக்கின்றன.

அந்த நோட்டில் இருந்தவை கடன் கணக்குகள் அல்ல, வைப்புக் கணக்குகள்.

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். வாடிக்கையாக வரும் ஒரு க்ரெசர் (கையால் கனிமம் தோண்டுகிறவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) இரண்டு மண்வெட்டி வாங்கிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து 120 டாலரை எடுத்து நீட்டினார். "ஷெஃப் (ஐயா), இதை நீங்களே வைத்திருங்கள், பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றார். முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். ஒரு பழுப்பு உறையில் போட்டு, பெயர் எழுதி, இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். மறுவாரம் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். நான் ஊர் திரும்பும்போது அந்த நோட்டில் 31 பெயர்கள் இருந்தன. வட்டி இல்லை, ரசீது இல்லை, உரிமம் இல்லை. கடை தீப்பிடித்தாலோ, முதலாளி ஓடிப்போனாலோ, நானே கைவைத்தாலோ அவர்களுக்கு யாரும் பொறுப்பில்லை. அது தெரிந்துதான் கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள் என்பதைத்தான் தாங்கள் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

பணம் அவர்கள் கைக்கு வரும் வழியிலிருந்து தொடங்குகிறேன். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு குழி தோண்டுவார்கள். கனிமம் கண்ணில் படும்வரை சாப்பாடு, கருவி எல்லாவற்றுக்கும் பணம் போடுகிற ஒருவர் இருப்பார். கிடைப்பதில் அவருக்குப் பெரிய பங்கு. சாக்குகளை மோட்டார் சைக்கிளில் கட்டி, கொள்முதல் டெப்போவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தராசு, கனிமத்தின் தரத்தைக் காட்டும் ஒரு கைக்கருவி, பலகையில் எழுதிய விலைப்பட்டியல். எடையையும் டெப்போக்காரர் சொல்வார், தரத்தையும் அவரே சொல்வார். பணம் ரொக்கமாக வரும். அதே சாயங்காலம் பங்கு பிரித்தாகவேண்டும், ஏனென்றால் மொத்தப் பணத்தையும் ஒரு இரவு வைத்திருக்க யாருக்கும் துணிவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பணத்துக்குப் போக்கிடம் இல்லை. வாடகை அறையின் கதவை ஒரு உதையில் திறந்துவிடலாம். டப்பாவில் போட்டு மண்ணில் புதைத்தால் ஈரம் ஏறும். டாலர் நோட்டின் ஓரம் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் தங்கள் நாட்டில் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பது தங்களுக்குத் தெரியும். கறைபட்ட, மடிப்பில் நைந்த நோட்டுகளைத் தெரு ஓரத்து நாணய மாற்றுக்காரரிடம் விலை குறைத்துக் கொடுத்துவிட்டு, அந்த நஷ்டத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர்களை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உடம்பு நோகச் சம்பாதித்த பணம் ஈரத்தில் குறைந்துபோகிறது.

கையில் சேமிப்பு இல்லாதவனுக்கு விலை பேச நாக்கு எழாது. பிப்ரவரி 2025இல் தங்கள் அரசு கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தியது. அக்டோபரில் தடைக்குப் பதிலாக ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. 2026க்கும் 2027க்கும் ஆண்டுக்கு 96,600 டன் என்று வரம்பு. உலகச் சந்தையில் விலை சரிந்து கிடந்தபோது எடுத்த முடிவு அது. நாட்டின் பொருளை நாடு விலை பேசி விற்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பெரிய நிறுவனம் சரக்கைக் கிடங்கில் குவித்துவிட்டு எட்டு மாதம் காத்திருக்கும். குழியில் இறங்குகிறவனால் எட்டு நாள்கூட முடியாது. அன்றைக்குச் சொல்லும் விலைக்கு அன்றைக்கே விற்றாகவேண்டும், இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. இல்லையா, குழிக்குப் பணம் போட்டவரிடமே மறுபடியும் கடன் வாங்கவேண்டும். அவரும் இல்லையென்றால் "பாங்க் லாம்பேர்" என்று மக்கள் பெயர் வைத்திருக்கிற கந்துவட்டிக்காரரிடம் போகவேண்டும். பெயரில் மட்டும் பாங்க் இருக்கிறது. அதையும் கேட்டுக்கொண்டு ஒரு மத்திய வங்கி இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வங்கிகள் இல்லாமலா, இருக்கின்றன. கொல்வேசியின் பெரிய தெருவில் கண்ணாடிக் கதவும் காவலரும் உள்ள கிளைகளைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். சுரங்க நிறுவனங்களின் பணம் அவற்றின் வழியே தடையில்லாமல் ஓடுகிறது. ஏற்றுமதி வருமானத்தில் 100க்கு 60 பங்கு நாட்டுக்குள் திரும்பி வரவேண்டும், முதலீடு கழிந்த பிறகு முழுவதும் வரவேண்டும் என்று 2018 சுரங்கச் சட்டம் சொல்கிறது. அதைக் கண்காணிப்பது தங்கள் நிறுவனம்தான். கடல் கடந்து போகும் சரக்கின் ஒவ்வொரு ரசீதையும் பின்தொடரத் தெரிந்த அலுவலகத்துக்கு, அந்தச் சரக்கின் ஒரு பகுதியைத் தோண்டியவர்களின் பணம் எங்கே உறங்குகிறது என்று கேட்கத் தெரியாமலா போகும்?

நாடு முழுவதும் பார்த்தால் நிலைமை மாறாமல் இல்லை. உலக வங்கியின் கணக்கெடுப்புப்படி 2011இல் பெரியவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 4 பேரிடம்தான் கணக்கு இருந்தது. 2017இல் அது நான்கில் ஒருவர் என்று ஆனது. அரசு ஊழியர் சம்பளத்தை மூட்டையில் கட்டி அனுப்பும் வழக்கத்தை விட்டு வங்கிக் கணக்குக்கு மாற்றியது ஒரு காரணம், 2012 வாக்கில் வந்த கைப்பேசிப் பணம் இன்னொன்று. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை: கணக்கில் பணம் ஏறிவிடும், கையில் வாங்குவதற்கு ஆளைத் தேடி அலையவேண்டும். வங்கிக் கிளையே இல்லாத பகுதிகளில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொண்டுபோய்ச் சேர்க்கக் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் வரவேண்டியிருந்தது. ஜனவரி 2025இல் கிழக்கே உள்ள கோமா நகரம் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனபோது வங்கிகள் கதவடைத்தன. மக்களின் பணம் போனில் எண்ணாகத்தான் இருந்தது. அதை நோட்டாக்க இடைத்தரகர்களுக்குப் பங்கு கொடுக்கவேண்டி வந்தது.

எங்கள் தெருவிலும் குடைக்குக் கீழே மேஜை போட்டுக் கைப்பேசிப் பணம் மாற்றும் முகவர்கள் இருந்தார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் டெப்போக்கள் மும்முரமாக வாங்கும் நாளில் மதியத்துக்குள் அவர்களின் கையிருப்பு தீர்ந்துவிடும். போடுவதற்குக் கட்டணம் இல்லையென்றாலும் எடுப்பதற்கு உண்டு. வாரம் இரண்டுமுறை சிறு தொகை எடுக்கிறவனுக்கு அது கூடிக்கூடிப் பெரிய செலவு. அதனால்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் கட்டணம் வாங்கவில்லை, மாலை ஏழு மணிவரை கடை திறந்திருந்தது, என் முகம் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. மக்களுக்கு நினைவு இருக்கிறது. 1979 டிசம்பரில், அன்றைய நாணயமான ஜைரில் 5, 10 நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதை வயதானவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். மாற்ற அவகாசம் சில நாள்தான், மாற்றக்கூடிய தொகைக்கும் வரம்பு. 1993 ஜனவரியில் 50 லட்சம் ஜைர் நோட்டில் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள், கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்ததும் தலைநகர் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். அதே வருடம் 30 லட்சம் பழைய ஜைருக்கு ஒரு புது ஜைர் என்று வந்தது. கசாய் பகுதி மக்கள் அந்தப் புதுப் பணத்தைத் தொடவே மாட்டோம் என்று பழைய நோட்டுகளையே வைத்துக்கொண்டார்கள். இன்றைய பிராங்க் 1998இல் வந்தபோது, ஒரு பிராங்குக்கு ஒரு லட்சம் புது ஜைர் என்று மறுபடியும் கணக்கு. பிறகு 2016இல் பியாக் வங்கி பணம் கொடுக்க முடியாமல் திணறியது. தங்கள் மத்திய வங்கியே அதன் நிர்வாகத்தைக் கையில் எடுக்கவேண்டி வந்தது. சொந்தப் பணத்துக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். இத்தனையையும் பார்த்த குடும்பத்தில் பிறந்த பையனிடம் "வங்கியில் போடு" என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

நம்பிக்கை செத்துவிடவில்லை, ஆளுநர் அவர்களே. வங்கியை விட்டு வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கிறது. கனிமம் கழுவித் தரம் பிரிக்கும் பெண்களும் சந்தையில் மீன் விற்கும் பெண்களும் லிகெலெம்பா போடுகிறார்கள். நாங்கள் சீட்டு என்போம். பத்துப் பேர் வாரம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஆனாலும் தவணை தவறுவது அபூர்வம். என் அம்மா எங்கள் ஊர் மகளிர் குழுவில் இருந்தவர். எங்கள் நாட்டில் 1992இலிருந்து இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைத்தார்கள். தனி ஆளாக வங்கிப் படி ஏறியே இராத அம்மா, குழுவின் பெயரில் இருந்த பாஸ்புக்கை முந்தானையில் முடிந்து கொண்டுபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லிகெலெம்பாவுக்கும் அதன் பெயரிலேயே ஒரு கணக்கு கொடுக்க முடியாதா?

நான் கேட்க வந்தது பெரிய விஷயம் இல்லை. கொல்வேசிக்கு வெளியே முசோம்போவில் கொள்முதல் டெப்போக்களை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவர ஒரு வணிக மையம் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே தராசுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் வேண்டும். கண்ணாடிக் கதவு வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். டெப்போ திறந்திருக்கும் நேரமெல்லாம் திறந்திருக்கும் சன்னலாக இருந்தால் போதும். எடையும் தரமும் விலையும் எழுதிய சீட்டைக் காட்டினால், ஒவ்வொருவர் பங்கும் அவரவர் பெயரில் ஏறவேண்டும். ரொக்கம் வேண்டுமென்கிறவருக்கு ரொக்கம். கட்டாயப்படுத்தினால் எல்லாரும் வேலியைத் தாண்டி வேறு டெப்போவுக்குப் போய்விடுவார்கள், அது நிச்சயம்.

கணக்குத் தொடங்கச் சம்பளச் சான்றும் வீட்டு முகவரிச் சான்றும் கேட்காதீர்கள், இரண்டும் அவர்களிடம் இருக்காது. வாக்காளர் அட்டை பலரிடம் இருக்கிறது. கையால் கனிமம் எடுப்பவர்களுக்குச் சுரங்கச் சட்டப்படி கொடுக்கப்படும் அட்டையும் உண்டு. சிறு தொகைக் கணக்குக்கு இரண்டில் ஒன்று போதும் என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கை போட்டால் முடிகிற காரியம். சிறு சேமிப்பாளரின் பணத்துக்கு உத்தரவாதம் வேண்டும்: எந்த வங்கி மூழ்கினாலும் இன்ன தொகைவரை முதலில் இவர்களுக்குத்தான் என்று. அதைச் சுவாஹிலியில் அச்சடித்து அந்தச் சன்னலிலேயே ஒட்டவேண்டும். டாலரில் போட்டால் டாலரிலேயே திருப்பித் தரவேண்டும். பிராங்குக்கு மக்களைத் திருப்பவேண்டும் என்ற தங்கள் கவலை நியாயமானதுதான். அதை ஏழையின் முதல் கணக்கில் தொடங்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

முக்கியமாக, கணக்கில் வாரிசு பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கட்டும்.

இதைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. கசூலோ என்ற குடியிருப்பில் 2014இல் ஒருவர் தன் வீட்டு வளாகத்தில் தோண்டியபோது கனிமம் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியே வீடுகளுக்கு அடியில் சுரங்கமாகிவிட்டது. அங்கும் மற்ற இடங்களிலும் மண் சரிந்து சாகிறவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எங்கள் நோட்டில் இருந்த ஒருவர் மழைக்காலத்தில் அப்படிப் போனார். பத்து நாள் கழித்து அவர் மனைவி கைக்குழந்தையோடு கடைக்கு வந்து, இங்கே பணம் வைத்திருப்பதாக அவர் ஒருமுறை சொன்னார் என்றார். கையில் ஒரு காகிதமும் இல்லை. குழியின் தலைவரை வரவழைத்து, அவர் சொன்ன சாட்சியை வைத்து உறையைக் கொடுத்தோம். 265 டாலர் இருந்தது. அந்தப் பெண் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று நாங்கள் சரியான ஆளிடம்தான் கொடுத்தோமா என்பது இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

வேறு மூன்று உறைகளுக்கு யாருமே வரவில்லை. நான் கிளம்பும்போது அவை இரும்புப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தன, இப்போதும் இருப்பதாகப் போன மாதம் முதலாளி போனில் சொன்னார். மொத்தம் 540 டாலர். பெயர்களும் தேதிகளும் என்னிடம் எழுதி இருக்கின்றன. அந்தப் பணத்தை யாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று தங்கள் அலுவலகம் ஒரு வரி எழுதினால், கொண்டுவந்து கட்ட முதலாளி தயாராக இருக்கிறார்.

மரியாதையுடன்,
கொல்வேசியில் கணக்கு எழுதிய ஒருவன்