ஹார்ட்ராடாவின் கவசத்தைக் கழற்றிவிடுங்கள்

தமிழில் உலக வரலாற்றுக் காணொளிகள் எடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடாவைப் பற்றி அடுத்தடுத்துக் காணொளிகள் வருவது மகிழ்ச்சிதான். ஆனால் அண்மையில் வந்த ஒன்றில், இங்கிலாந்தின் மீது படையெடுத்துப்போய் அவர் மாண்ட ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் களத்தில் அவர் கழுத்து முதல் முழங்கால் வரை இரும்பு பூட்டி, கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு, கொட்டும் மழையில் நிற்கிறார். கொம்பைப் பிறகு பார்க்கலாம். அந்த இரும்புச் சட்டையைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அது இல்லாமல் போனதுதான் அந்தப் போரின் கதையே.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1066 செப்டம்பர் 20 அன்று ஃபுல்ஃபோர்டில் ஆங்கிலேயப் படையை வென்றாயிற்று, யார்க் நகரமும் பணிந்தாயிற்று. 25ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் பாலத்தருகே நகரத்தாரின் பிணையாட்களைப் பெற்றுக்கொள்வது மட்டுமே பாக்கி. கப்பல்கள் ரிக்கால் என்ற ஆற்றங்கரை ஊரில் நின்றன. பாலம் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நல்ல வெயில். வளையங்கள் கோத்த சட்டை ஒன்று 10 கிலோவாவது இருக்கும், அதற்கடியில் தடித்த துணி வேறு. சண்டை இல்லாத நாளில் அதை யார் சுமப்பார்கள்? தலைக்கவசம், கேடயம், ஈட்டி, வாளோடு கிளம்பினார்கள். சட்டைகள் கப்பலிலேயே கிடந்தன. மூன்றில் ஒரு பங்குப் படையும் அங்கேயே காவலுக்கு நின்றது. இங்கிலாந்து மன்னர் ஹெரால்டு காட்வின்சன் லண்டனிலிருந்து 300 கிலோமீட்டரை அத்தனை விரைவில் கடந்து வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

ஹார்ட்ராடா மாண்டது குரல்வளையில் அம்பு பாய்ந்துதானே, சட்டை என்ன செய்திருக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சுற்றி நின்ற படை குலைந்ததற்கு? செய்தி கேட்டு அவருடைய தளபதி எய்ஸ்டீன் ஓரே கப்பலிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார், முழுக் கவசத்தோடு. அந்த வெயிலில் அத்தனை தூரம் ஓடியதில், களத்தில் பலர் சட்டையை உரித்து எறிந்தார்கள். சிலர் காயமே படாமல் விழுந்து மாண்டார்கள். சுமார் 300 கப்பல்களில் வந்தவர்களில் மிஞ்சியவர்களை ஏற்றிப்போக 24 போதுமானதாக இருந்தது. இதில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துச் சாகாக்கள், அதாவது உரைநடை வீரக்கதைகள், சொல்வது. போருக்கு முன் ஹரால்டே கட்டியதாக அவை தரும் பாட்டிலும் கவசம் கப்பலில் கிடப்பதாக வருகிறது. மன்னரே சொன்னாலும் உங்கள் ஓவியர் கேட்பதாயில்லை.

கொம்புக்கு வருவோம். நார்வேயில் 1943இல் கிடைத்த, வைக்கிங் காலத்து யெர்முன்பூ தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. கொம்பு வைத்த உருவம் 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்குத் தைத்த உடைகளோடு பரவியது. ஹார்ட்ராடா குருவிகளின் முதுகில் தீ வைத்துச் சிசிலியில் ஊரைப் பிடித்த கதையை விரிவாகச் சொல்கிறீர்கள். ஏறக்குறைய அதே கதை கீவ் அரசி ஓல்காவுக்கும் உண்டு என்பதற்கு ஒரு வரி இல்லை. ஹார்ட்ராடா அரசராகி நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினாரே, அதற்கும் இல்லை. செம்பில் ரத்தம் தெறிக்காதுதான்.

மன்னிக்கவும், கேட்க வந்தது சட்டையை மட்டும். படத்தை மீண்டும் வரையச் சொல்லவில்லை. வரைபடத்தில் ரிக்காலைக் குறியுங்கள். சட்டைகள் அங்கே கிடந்தன என்று பின்னணிக் குரலில் ஒரு வாக்கியம் சேருங்கள். அதுவும் இயலாவிட்டால் காணொளிக் குறிப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த காணொளியிலாவது அவரைக் கவசமில்லாமல் களத்துக்கு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர் ஒருவர்