முழுக் கணக்கையும் ஒரே தாளில் எழுது

அன்புள்ள மகளுக்கு,

நீ தொலைபேசியில் பேசியபோது நான் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததைக் கோபம் என்று நினைத்துவிடாதே. பணத்தைப் பற்றிய பேச்சில், எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்வது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நீ சொன்ன தொகைகளையும் வட்டி விகிதங்களையும் குறித்து வைத்து, நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். இது அடைக்க முடிந்த கடன்தான். உங்கள் இருவருடைய வருமானத்துக்குள் அடங்குகிற கடன். ஆகவே தொகையை நினைத்து நான் கலங்கவில்லை. இவ்வளவு நாளும் இது மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்பதும், நீ தனியாக இதைச் சுமந்துகொண்டு இரவில் தூங்காமல் இருந்திருக்கிறாய் என்பதுமே என்னை வருத்துகின்றன.

நீ ஊதாரி அல்ல என்பது எனக்குத் தெரியும். உடல்நலம் குன்றிச் சம்பளம் இல்லாத விடுப்பில் இருந்த மாதங்களில், வீட்டுச் செலவில் உன் பங்கு குறையக்கூடாது என்று நினைத்து, வழக்கமான செலவுகளைக் கடன் அட்டையில் போட்டிருக்கிறாய். பெரும்பாலான வீடுகளில் கடன் இப்படித்தான் நுழைகிறது. ஆடம்பரத்தால் வந்த கடனை எல்லோரும் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் வருமானம் குறைந்த சில மாதங்களில், செலவைக் குறைக்க மனம் வராமல், 'அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் ஏறிக்கொண்டே போகிற கடன் யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி அட்டையின் கணக்கைப் பார்ப்போம். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவந்ததாகச் சொன்னாய். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, உன் பெயரில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அவ்வளவுதான் அதன் பயன். நிலுவை 1,00,000 என்றும், வட்டி மாதத்துக்கு 3 விழுக்காடு என்றும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள். நீ கட்டுகிற 5,000-இல் 3,000 அந்த மாத வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2,000 மட்டுமே. அடுத்த மாதம் நிலுவை சற்றுக் குறைவதால் கட்டவேண்டிய தொகையும் சற்றுக் குறைகிறது, அதனால் அசல் குறையும் வேகமும் குறைகிறது. புதிதாக ஒரு காசு செலவழிக்காமல் இப்படியே கட்டிக்கொண்டு போனாலும், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கடனில் பாதி அப்படியே நிற்கும். மாதத்துக்கு 3 என்பது காதுக்குச் சிறிய எண்ணாகத்தான் ஒலிக்கிறது. கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து அது ஆண்டுக்கு 42 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

இன்னொன்றையும் நீ கவனிக்காமல் விட்டிருக்கலாம். முழு நிலுவையையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே அட்டையின் வட்டியில்லா நாள்கள் பொதுவாகக் கிடைக்கும். பாக்கி வைத்துவிட்டால், அதன் பிறகு வாங்குகிற பொருள்களுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்குவதுதான் பெரும்பாலான அட்டைகளின் விதி. அட்டையில் ரொக்கமாக எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். எனவே பாக்கி தீரும்வரை அந்த இரண்டு அட்டைகளையும் பையில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. இணையத்தில் பொருள் வாங்கும் தளங்களில் சேமித்து வைத்திருக்கும் அட்டை எண்களையும் நீக்கிவிடு.

செயலியில் வாங்கிய கடன்தான் எல்லாவற்றிலும் மோசமானது. தொகை சிறியது என்பதால் அதைக் கடைசியாகச் சொன்னாய், ஆனால் முதலில் ஒழியவேண்டியது அதுதான். 10,000 கடன் என்று காட்டி, பரிசீலனைக் கட்டணம் என்று 1,000-ஐப் பிடித்துக்கொண்டு 9,000-ஐக் கையில் தந்து, 30 நாளில் 10,000 திருப்பிக் கேட்பவர், வட்டி என்ற சொல்லையே உச்சரிக்காமல் ஒரு மாதத்துக்கு 11 விழுக்காடு வாங்கிவிடுகிறார். அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து நீ ஓட்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறாய்.

வீட்டுச் சாமான்களுக்காக வாங்கிய தவணைக் கடனின் வட்டி 10 விழுக்காடுதான் என்று நிம்மதியாகச் சொன்னாய். அது ஃப்ளாட் ரேட் என்பதை ஒப்பந்தத்தில் பார். 1,00,000-க்கு 10 விழுக்காடு வீதம் 3 ஆண்டுகளுக்கு 30,000 வட்டி என்று முதல் நாளே கணக்கிட்டு, 1,30,000-ஐ 36 மாதங்களுக்குப் பங்கிட்டு, மாதம் ஏறத்தாழ 3,611 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் கடைசி மாதத்திலும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி கட்டுகிறாய். குறைந்துவரும் நிலுவையின் மேல் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 10 உண்மையில் 18-ஐ ஒட்டி வரும். கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் கடன் விண்ணப்பங்களோடு வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மாதத் தவணை எவ்வளவு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், மொத்தத்தில் எவ்வளவு திருப்பித் தரப்போகிறோம் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

வீட்டுக் கடனோடு இவை அனைத்தையும் சேர்த்து ஒரே தவணையாக்கிவிடலாமா என்று கேட்டாய். வட்டி விகிதம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் நீண்ட காலக் கடன் நடந்துகொள்ளும் விதத்தை நீ தெரிந்துகொள்ளவேண்டும். 20 ஆண்டுகளுக்கு 9 விழுக்காட்டில் 1,00,000 வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 900; முதல் தவணையில் 750 வட்டிக்கும், மீதி 150 மட்டும் அசலுக்கும் போகும். அசலில் பாதி குறைவதற்கே 14 ஆண்டுகள் ஆகும். முடிவில் கட்டியிருப்பது 2,15,000-க்கும் மேல். சில மாதங்களின் வீட்டுச் செலவுக்காக வாங்கிய கடனை, உன் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதிலும் கட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட, அட்டை நிறுவனத்திடமே பேசி, நிலுவையைக் குறைந்த வட்டியில் ஓரிரு ஆண்டுத் தவணைகளாக மாற்றித் தரக் கேள்; பலரும் மாற்றித் தருகிறார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் நடக்கும். தவணை தவறிய பிறகு கேட்பதைவிடத் தவறுவதற்கு முன் கேட்பவருக்கு மதிப்பு அதிகம். மாற்றியதும் அட்டையில் இடம் கிடைத்துவிட்டது என்று மறுபடியும் செலவழித்தால், கடன் இரண்டாகிவிடும் என்பதை மட்டும் மறக்காதே.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. சிறிய கடனை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்பார்கள் சிலர். வட்டி அதிகமானதை முதலில் முடித்தால் கைப்பணம் மிஞ்சும் என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. உன் விஷயத்தில் செயலிக் கடன் சிறியதாகவும் வட்டி மிகுந்ததாகவும் இருப்பதால் இந்த வழக்கே எழவில்லை. அது முடிந்ததும் அதற்குக் கட்டிவந்த பணம் முழுவதையும் வட்டி அதிகமான அட்டைக்குத் திருப்பிவிடு. மற்றவற்றுக்கு அந்தந்தத் தவணை போதும்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிப் பேசவேண்டும். அவர் வைப்பு நிதியில் ஒரு தொகையை 6 விழுக்காட்டுக்குப் போட்டு வைத்திருப்பதாக முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாய். ஒரு லட்சத்துக்கு அது மாதம் 500 ஈட்டுகிறது. அதே வீட்டில், அதே ஒரு லட்சத்துக்கு உன் அட்டை மாதம் 3,000 வாங்குகிறது. உங்கள் குடும்பத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 2,500 வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரே காரணம் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாததுதான். முதிர்வுக்கு முன் வைப்பு நிதியை உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறையும். இந்த இழப்போடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. உடைக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது நீங்கள் இருவரும் கூடி எடுக்கவேண்டிய முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமையே அவருக்கு இப்போது இல்லாமல் இருக்கிறதே, அதை யோசித்துப் பார்.

அவர் வாகனம் வாங்கக் கூட்டாகக் கடன் கேட்க நினைக்கிறார் என்றும் சொன்னாய். விண்ணப்பித்தால் கடன் கொடுப்பவர் உங்கள் இருவருடைய கடன் வரலாற்றையும் எடுத்துப் பார்ப்பார். நீ சொல்லாமல் வைத்திருப்பதை அறிமுகமில்லாத ஓர் அலுவலர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவருக்குச் சொல்லுவார். அந்த நிலைமைக்கு உன்னையும் அவரையும் ஆளாக்காதே, அம்மா.

ஆகவே ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுது. யாருக்குக் கொடுக்கவேண்டும், இன்றைய நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, எப்போது முடியும். உடன் வேலை செய்கிற தோழியிடம் வாங்கிய கைமாற்றையும் விட்டுவிடாதே. வட்டி இல்லாத கடன் என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தாளை அவரிடம் முழுமையாகக் கொடு. பாதியைச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் பிறகு சொல்லலாம் என்று மட்டும் நினைக்காதே. முதல் பாதியைக் கேட்டு வருத்தப்படுகிறவர், இரண்டாம் பாதி தெரியவரும்போது வருத்தப்படமாட்டார், சந்தேகப்படுவார். அதன்பிறகு நீ காட்டுகிற எந்தத் தாளும் அவருக்கு முழுத் தாளாகத் தெரியாது. இருவரும் வேலைக்குப் போகாத நாளாக, குழந்தை தூங்கிய பிறகு, அவசரமில்லாத நேரத்தில் பேசு. அவர் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லாமல், அது அடங்கும்வரை பொறுத்திரு.

அதன் பிறகு மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காத கைச்செலவாக ஒதுக்கிவிடுங்கள். அது இல்லாத வீடுகளில்தான் சின்னச் சின்ன மறைப்புகள் ஆரம்பிக்கின்றன என்பது நான் கண்டது. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடனை அடைக்கும் காலத்தில் அவ்வளவு சேர்க்க முயலாதே, ஒரு மாதச் செலவுக்கு இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு அந்த அட்டையைத்தான் மீண்டும் தேடுவாய்.

உன் தோழியின் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, அதற்கு இப்போது மறுத்துவிடு. ஜாமீன் போடுவது நல்லெண்ணச் சான்றிதழ் தருவது அல்ல. பல நாடுகளின் சட்டப்படி, கடன் வாங்கியவரைத் துரத்தி முடிக்கும்வரை காத்திராமல், ஜாமீன்தாரரிடமே முழுத் தொகையையும் கேட்க முடியும். 'எனக்கே கடன் இருக்கிறது, கையெழுத்துப் போட இயலாது' என்று நேராகச் சொல், உண்மையும் அதுதானே.

கடைசியாக, நீ கேட்காமலே உன் குரலில் இருந்த கேள்விக்கு வருகிறேன். அப்பா இதைக் கட்டிவிட முடியுமா என்றால், செயலிக் கடனையும் ஓர் அட்டையில் ஒரு பகுதியையும் என் சேமிப்பிலிருந்து அடைக்க முடியும். அம்மாவிடம் பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதம். ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அந்தப் பணத்தை அனுப்பமாட்டேன். அனுப்பினால் அவரிடம் மறைக்கவேண்டிய விஷயம் உனக்கு ஒன்றுக்கு இரண்டாகிவிடும், நானும் அதில் பங்காளியாகிவிடுவேன். நீங்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்த பிறகு, இருவரும் சேர்ந்து கேட்டால், அன்றைக்கே அனுப்புகிறேன். அதை நன்கொடையாக நினைக்காமல், வட்டியில்லாத கடனாக, தாளின் கடைசி வரியில் என் பெயரையும் எழுதிக்கொள். அட்டைகள் முடிந்த பிறகு எனக்குத் திருப்பித் தரத் தொடங்கினால் போதும். செயலிக் கடனின் அடுத்த கெடு மாதக் கடைசியில் வருகிறது என்றாய். அதற்குள் பேசிவிட்டு எனக்குத் தகவல் சொல்.

அன்புடன்,
அப்பா