அனகோண்டாவைத் தமிழ்ச்சொல் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் வேர் தேடிப் பகிரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

‘ஆனைகொண்டான்தான் அனகோண்டா ஆனது’ என்ற பதிவு மறுபடியும் சுற்றுகிறது. உங்கள் ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தச் சொல்லின் கதை அவ்வளவு நேரானதல்ல.

அனகோண்டா என்ற பெரும்பாம்பு வாழ்வது தென் அமெரிக்காவில். பெயர் புறப்பட்டதோ இலங்கையிலிருந்து. 1693இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் லத்தீனில் எழுதிய விலங்கு நூலில், நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எருமையை நொறுக்கும் பாம்பு, இலங்கையர் ‘அனகண்டையா’ என்பார்கள் என்கிறது அது. அப்புறம் 1768இல் ஸ்காட்லாந்து இதழ் ஒன்றில், அந்தப் பாம்பு இலங்கையில் ஒரு புலியை நெரித்துக் கொன்றதாக ஒரு கட்டுரை வந்தது. இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி ஏது? இப்படிப் பரவிய பெயர்தான் பிறகு கடல் கடந்து வேறொரு பாம்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழ் எங்கே வருகிறது? இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் ஹென்றி யூல், ‘ஆனையைக் கொன்ற’ என்ற தமிழ்த்தொடர் மூலமாக இருக்கலாம் என்று ஊகித்தார். அது ஊகம்தான். சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்றொரு பாம்புப் பெயர் இன்றும் வழங்குகிறது. ‘அனகண்டையா’வை அதன் பக்கத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெயருக்கு உரியது கொடி போல ஒல்லியான மரப்பாம்பு, எருமையை நொறுக்காது. லைடன் பட்டியலில் பெயர் மாறி ஒட்டப்பட்டிருக்கலாம் என்பார்கள். எனக்கு இந்தச் சிங்கள மூலமே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆன கட்டுமரத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. 1697இல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் இதை இப்படித்தான் அழைக்கிறார்கள் என்று நேரடியாகவே எழுதிவிட்டார். ‘முல்லிகடானி’ ஆன மிளகுத்தண்ணீர், ‘செரூட்’ ஆன சுருட்டு ஆகியவையும் ஆங்கில அகராதிகளே தமிழ் என்று ஒப்புக்கொண்டவை. இவற்றோடு அனகோண்டாவையும் ஒரே பட்டியலில் போட்டால், அதைச் சந்தேகப்படுபவர் கட்டுமரத்தையும் சந்தேகப்படுவார். அதுதான் என் கவலை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சொல்லோடும் அது முதலில் பதிவான நூலையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். அனகோண்டா என்றால் யூலின் ஊகத்தோடு சிங்களச் சொல்லையும் போடுங்கள். படிப்பவர்கள் இரண்டையும் பார்த்து முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளை விடாமல் படிக்கும் ஒருவர்