நடுவக்கரை வீட்டைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

2023-இல் அண்ணா நகர் கோபுரத்தை மறுபடி திறந்துவிட்டபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். 135 அடி உயரம். "நம்ம வீடு எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டேன். நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடி விளையாடிய இடம் அவருக்கே பிடிபடாமல் போனது எனக்கு ரொம்ப வலித்தது.

அண்ணா நகர் என்று பேர் வருவதற்கு முன்னால் அங்கே முள்ளம், நடுவக்கரை என்று கிராமங்கள் இருந்தன. நடுவக்கரையில் என் கொள்ளுத்தாத்தா கட்டிய பண்ணை வீடு எங்களுடையது. முதலில் வயல் ஆர்ஜிதத்தில் போனது. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அப்புறம் மனைகள், தெருக்கள். தனியாக நின்ற வீடும் ஒருநாள் இடிபட்டது. நெல் அளந்த மரக்கால் ஒன்றுதான் எங்களிடம் மிச்சம்.

எழும்பூர் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு முதல் நன்றி. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, எடுக்கப்போகும் நிலத்தை அப்போது அரசிதழில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஓரம் உதிர்கிற அந்தப் பழைய அரசிதழ்க் கட்டுகளை நாள்கணக்கில் சலிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். கொள்ளுத்தாத்தா பேரும் சர்வே எண்ணும் கண்ணில் பட்டதும், அந்தக் கட்டை எடுத்து வந்த ஊழியர் அம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். அந்த எண்ணை இன்றைய தெருக்களோடு பொருத்திக் காட்டிய ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா, காபிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

வில்லிவாக்கத்துப் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வயலில் நடவு நட்டவர். வாசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டார்: களம், கிணறு, தெற்கே மாட்டுக்கொட்டாய், திண்ணை. அங்கே குச்சி நின்றது. "உள்ள எப்படி இருக்கும்னு தெரியாதும்மா. திண்ணைக்கு அந்தாண்ட எங்கள விட்டதில்ல" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா தலைகுனிந்துகொண்டார். அப்புறம் அவரே உட்கார்ந்து முற்றம், நெற்குதிர், அடுக்களை என்று உள்பக்கத்தை வரைந்தார். எங்கள் வீட்டு வரைபடம் அப்படி இரண்டு பேர் கையால் முழுசானது. பாட்டி சொன்னதையும் அதன் அடியில் எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் அந்த வீட்டுக் கதைதானே.

இப்போது அந்த இடத்தில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பினருக்கும் நன்றி. முன்பின் தெரியாத எங்களுக்காக, நிறுத்தியிருந்த இரண்டு கார்களை நகர்த்தி, கிணற்றை மூடிய காங்கிரீட் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே தண்ணீர் பளபளத்தது. விளிம்புக் கருங்கல்லில் கயிறு அறுத்த தடங்கள், விரல் பதிகிற ஆழத்துக்கு. அப்பா ஒவ்வொன்றிலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

வரைபடத்தை நகல் எடுத்துவிட்டேன். பொங்கலன்று எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். பாட்டி, உங்களைக் கூட்டிப் போக காலையிலேயே நான் வந்துவிடுவேன்.